பின்கதவுக்கு முன்னால் அடுக்கிய நாற்காலிகள்

மால்களுக்குள் குழந்தைகள் விளையாட்டுக் கூடம் நடத்தும் முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் வாடிக்கையாளர். பெரியவளுக்கு ஆறரை வயது, சின்னவனுக்கு மூன்று முடிந்து நான்கு மாதம். வீடு மேடவாக்கத்தில். உங்கள் கூடங்களுக்கு நாங்கள் எத்தனை முறை வந்திருக்கிறோம் என்பதற்கான கணக்கு, அலமாரியின் கடைசித் தட்டில் கிடக்கும் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ்கள். நேற்று எண்ணினேன், பதினோரு ஜோடி. ஒவ்வொரு முறையும் வீட்டில் மறந்துவிட்டு வந்து உங்களிடமே புதிதாக வாங்கியவை.

எந்தக் கூடம் என்று பெயர் போடாமல்தான் எழுதுகிறேன். பெயரைப் போட்டால் அந்த ஒருவர் மட்டும் அவசரமாக நாற்காலிகளை நகர்த்துவார். மற்றவர்கள் “நம்மளச் சொல்லலப்பா” என்று இருந்துவிடுவார்கள்.

நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துபோகும். கத்திரி வெயிலில் எங்கள் பக்கத்துப் பூங்காவின் சறுக்குமரத்தில் காலை ஒன்பதரைக்கு மேல் பிள்ளையை உட்கார வைக்க முடியாது, தொடை சுட்டுவிடும். கடற்கரை என்றால் மாலை ஐந்தரைக்கு மேல்தான். இடைப்பட்ட எட்டு மணி நேரம் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்குள் வைத்துக்கொண்டு இருப்பவர்களுக்குத்தான் தெரியும், ஏசி போட்ட ஒரு பெரிய ஹாலில் அவர்களை அவிழ்த்துவிடுவது எப்பேர்ப்பட்ட நிம்மதி என்று. அந்த நிம்மதிக்குக் காசு கொடுக்க நாங்கள் அழவில்லை.

இனி, மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

நான், என் கணவர், இரண்டு பிள்ளைகள், என் மாமியார். பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத்துக்குத் தலா 700 ரூபாய். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் இலவசம்; மூன்றாவது ஆளுக்கு 200. அத்தை கவுன்ட்டரிலேயே கேட்டுவிட்டார்: “நான் சும்மா உக்காரத்தானே போறேன், அதுக்கு எதுக்கும்மா இருநூறு ரூபா?” கவுன்ட்டர் பையன் சிரித்தான். சாக்ஸ் அவருக்கும் கட்டாயம். அறுபத்தாறு வயதில் முதல் முறையாக சாக்ஸ் போடுகிறவர். கால் விரலில் மெட்டி. சாக்ஸின் நூல் மெட்டியில் மாட்டிக்கொண்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக விடுவித்து மாட்டிவிட்டேன். அதற்குள் சின்னவனின் கைப்பட்டையில் நேரம் எழுதியாகிவிட்டது. உங்கள் கடிகாரம் மெட்டிக்கெல்லாம் காத்திருக்காது.

பிறகு ஒரு டேப்லெட்டை நீட்டி விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். “எல்லா எடத்துலயும் இதான், போடு” என்றார் கணவர். போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மின்னஞ்சலில் வந்த பிரதியைப் படித்தேன். எலும்பு முறிவு, நிரந்தர ஊனம், உயிரிழப்பு, எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். முழுக்க ஆங்கிலம், எறும்பு எழுத்து. ஒன்றை மட்டும் உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தனியே ஒரு வரையறை இருக்கிறது. வாசலில் வரிசையில் நிற்க வைத்து, குழந்தை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது வாங்குகிற கையெழுத்து உங்களை எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்று அவர் சொல்லட்டும்.

சாப்பாட்டு டப்பாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டதைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. உள்ளே இருந்தது நாலு இட்லியும் சின்னவனுக்கான தயிர்சாதமும். சினிமா தியேட்டருக்குள் வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் சொன்ன உச்ச நீதிமன்றமே, சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் கொண்டு வரலாம் என்ற இரண்டையும் ஏற்றுக்கொண்டுதான் சொன்னது. அது தியேட்டர் வழக்கு, தெரியும். ஆனாலும் குழந்தைகளுக்காகவே திறந்த கடை, தியேட்டரைவிடக் கறாராக இருப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

உள்ளே போனோம். பொய் சொல்லக் கூடாது, முதல் அரை மணி நேரம் சொர்க்கம். பெரியவள் டிராம்போலினுக்கு ஓடினாள், அவள் அப்பா பின்னாலேயே. சின்னவன் பந்துக் குளத்தில் விழுந்து மறைந்து, தலையை மட்டும் நீட்டி “பாட்டி, கண்டுபிடி!” என்றான். அத்தை புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தின் விளிம்பில் காலை நீட்டி உட்கார்ந்து, பந்தை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பத்து நிமிடத்தில் அவருக்கு முட்டி வலி வந்துவிட்டது. சுற்றிப் பார்த்தேன், ஒரு நாற்காலி இல்லை. அங்கே வேலை பார்க்கும் பெண்ணிடம் கேட்டேன். இருபது வயதுகூட இருக்காது, கள்ளக்குறிச்சிப் பக்கமாம். “சேர் இல்லக்கா. கஃபேல ஏதாச்சும் ஆர்டர் பண்ணா அங்க உக்காரலாம்.” கஃபே கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து பார்த்தால் குழந்தை தெரியாது. அத்தை தரையிலேயே உட்கார்ந்தார், ஒரு நுரைத் தூணில் சாய்ந்துகொண்டு.

நான் அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று அடுக்கு ஏணி-குழாய்-வலை-சறுக்கு, பக்கத்தில் பந்துக் குளம், இரண்டுக்கும் சேர்த்து அவள் ஒருத்தி. விசில் அடித்து, பிள்ளைகளைப் பிரித்து, சாக்ஸ் கழற்றியவனை அதட்டி, அவள் நின்ற இடத்தில் நிற்கவே இல்லை. கூடத்தில் அப்போது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். “தெரியலக்கா, சண்டே ஃபுல்லாத்தான் இருக்கும்.” ஒவ்வொரு பிள்ளை கையிலும் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு வெளியேற வேண்டும் என்று பேனாவால் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

அடுத்த ஐந்து நிமிடத்தில் சின்னவனைக் காணோம்.

இரண்டாம் அடுக்கில் அவன் சட்டையின் மஞ்சள் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. ‘பெரியவர்கள் உள்ளே ஏறக் கூடாது’ என்ற பலகைக்கு அடியிலேயே நான் ஊர்ந்து ஏறினேன். குழாய்க்குள் துப்பட்டா மாட்டி, முழங்கை சிராய்த்து, மேலே போனால் அவன் சறுக்கின் வாயில் உட்கார்ந்து இறங்கப் பயந்து அழுகிறான். நான் கையை நீட்டுவதற்குள் பின்னாலிருந்து பத்து வயதுப் பையன் ஒருவன் வேகமாக வந்தான். இருவரும் ஒன்றாகக் கீழே போனார்கள். பெரியவன் மேலே, சின்னவன் அடியில். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம்.

அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவன் பயந்து போய் “சாரி ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி” என்று கூடவே ஓடி வந்தான். பத்து வயதுக்காரனையும் மூன்று வயதுக்காரனையும் ஒரே சறுக்கில் விட்டது அவன் இல்லை. டிராம்போலினில் இது இன்னும் மோசம். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை அதில் ஏற்றவே வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. அடிபடுவதில் முக்கால்வாசி, ஒரே விரிப்பில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் குதிக்கும்போதுதான் என்றும், அப்போது எடை குறைந்த பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம் என்றும் 2012-இல் அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். காரணம் எளிது. கனமான பிள்ளை குதித்து எழும்பும்போது விரிப்பு மேல்நோக்கி விசையோடு வரும். அதே நொடியில் சின்னது கீழே இறங்கினால், தரை எழும்பி வந்து காலில் அடித்த மாதிரி. முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு முறியும். இதற்கு ‘டிராம்போலின் முறிவு’ என்று பெயரே இருக்கிறது. சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்து உயரம் அளக்கிறீர்கள் இல்லையா, அந்தக் கோட்டை டிக்கெட் விலைக்கு மட்டும் பயன்படுத்தாமல் இதற்கும் பயன்படுத்தலாம்.

ரத்தத்தைக் கழுவ வேண்டும். கழிப்பறை கூடத்துக்கு வெளியே, மாலின் மறுகோடியில். பதற்றத்தில் எனக்குப் பக்கத்தில் தெரிந்தது, மேலே பச்சை விளக்கில் ஓடுகிற மனிதன் படம் போட்ட பலகை. அதன் கீழே பிறந்தநாள் விழாவுக்கான படுதா தொங்கியது, வானவில்லும் யானைக்குட்டியும். படுதாவை விலக்கினேன்.

கதவு இருந்தது. கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றின் மேல் ஒன்றாக என் தோள் உயரத்துக்கு நான்கு அடுக்கு. அவற்றுக்குப் பக்கத்தில் பலூனுக்குக் காற்றடைக்கும் சிலிண்டர். தெர்மாகோலில் வெட்டிய ‘ஹேப்பி பர்த்டே’ எழுத்துகள். மடித்த அட்டைப்பெட்டிகள்.

பின்னால் அந்தப் பெண் ஐஸ் கட்டியோடு ஓடி வந்தாள். “அக்கா, அது திறக்காதுக்கா. அது பார்ட்டி சாமான் வைக்கிற எடம்.”

உதட்டுக்கு ஒரு தையல். மூன்று நாளில் சரியாகிவிட்டது. அவன் அதை மறந்தும் விட்டான். என்னால் அந்தக் கதவைத்தான் மறக்க முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். 2004 ஜூலை 16 அன்று நான் ஆறாம் வகுப்பு. கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். மதிய உணவுக்காக மூட்டிய அடுப்பு, கீற்றுக் கூரை, குறுகலான மாடிப்படி. அடுத்த சில வாரங்களில் எங்கள் பள்ளியின் கீற்றுக் கொட்டகையையும் பிரித்துப் போட்டார்கள். மூங்கில்களை இழுத்துப் போட்டபோது எழும்பிய அந்தத் தூசி வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. கீற்று போனால் ஆபத்து போய்விட்டது என்று அந்த வயதில் நினைத்தேன். உங்கள் கூடத்தில் கீற்று இல்லை. இருப்பதெல்லாம் ரெக்ஸின் சுற்றிய நுரை மெத்தை. பாலியூரிதேன் நுரையில் தீப்பிடித்தால் நிமிடங்களில் கரும்புகை ஹாலை அடைத்துவிடும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். நெருப்பு வந்து சேரும் முன்பே மூச்சு போய்விடும்.

“நம்ம ஊர்ல அப்படியெல்லாம் நடக்காதும்மா” என்று உங்களில் ஒருவராவது இப்போது சொல்லியிருப்பீர்கள். ராஜ்கோட்டிலும் 2024 மே 25 மதியம் வரை அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். கோடை விடுமுறை, சனிக்கிழமை, 99 ரூபாய்ச் சலுகை டிக்கெட், கூட்டம் நிரம்பி வழிந்த விளையாட்டு அரங்கம். உள்ளேயே ஒரு பக்கம் வெல்டிங் வேலை. தீப்பொறி விழுந்தது. அரங்கத்தில் பெட்ரோலும் டீசலும் சேர்த்து வைத்திருந்தார்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லை. 27 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். குஜராத் உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்து, இது மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்றது. அதற்கடுத்த வாரங்களில் நாடு முழுக்க இப்படிப்பட்ட அரங்கங்களில் சோதனை நடந்தது. சோதனைக்கு வந்த அதிகாரிகள் படுதாவைத் தூக்கிப் பார்த்தார்களா என்பதையும் இந்த மடலிலேயே கேட்டு வைக்கிறேன், அவர்களும் படிக்கட்டும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது குறிப்பாகக் குடும்பத்தோடு வருகிறவர்களைப் பற்றியது. பிரிட்டனுக்குப் பக்கத்தில் மேன் தீவு என்று ஒன்று. அங்கே சம்மர்லேண்ட் என்ற மாபெரும் உள்ளரங்கக் கேளிக்கைக் கூடம் 1971-இல் திறந்தது. மழையானாலும் குளிரானாலும் குடும்பத்தோடு உள்ளே பொழுதுபோக்கலாம் என்பதுதான் அதன் விளம்பரமே. 1973 ஆகஸ்ட் 2 இரவு அது எரிந்தது. 50 பேர் இறந்தார்கள். அவசர வழிகளில் சில பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் ஒரு தளத்திலும் பெற்றோர் வேறு தளத்திலும் இருந்த குடும்பங்களில், பெற்றோர் வாசலை நோக்கி ஓடாமல் பிள்ளையைத் தேடி ஓடினார்கள். உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களை வைத்து ஜோனதன் சைம் என்ற உளவியலாளர் பிற்பாடு ஆராய்ந்தார். ஆபத்தில் மனிதர்கள் கிட்டத்தில் இருக்கும் கதவுக்குப் போவதில்லை. பழகிய ஆளை நோக்கியும், தாங்கள் உள்ளே வந்த வழியை நோக்கியும்தான் போகிறார்கள். பின்கதவைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் அங்கே வேலை பார்த்தவர்கள், அவர்களுக்கு அது தெரிந்த கதவு என்பதால்.

இதைப் படித்ததும் எனக்கு என் வீட்டு ஆட்கள்தான் கண்முன் வந்தார்கள். விளக்கு அணைந்து புகை வந்தால் என் கணவர் டிராம்போலின் பக்கம் ஓடுவார். நான் குழாய்க்குள் ஏறுவேன். அத்தை எங்கும் போகமாட்டார், எங்களைக் கூப்பிட்டபடி அந்த நுரைத் தூணிடமே நிற்பார். கிடைத்த பிள்ளையை இழுத்துக்கொண்டு எல்லோரும் கடைசியில் சாக்ஸ் விற்ற கவுன்ட்டருக்குத்தான் போவோம். நூறு குடும்பமும் அங்கேதான் வரும். அந்தப் பின்கதவைத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒரே ஆள் அந்தக் கள்ளக்குறிச்சிப் பெண். அவளுக்கு அது பார்ட்டி சாமான் வைக்கிற இடம்.

ஆட்கள் கூடும் கட்டடத்தில் வெளியேறும் வழியை அடைக்கக் கூடாது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்வதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அனுமதி வாங்கும்போது வரைபடத்தில் அந்தக் கதவைக் காட்டித்தான் வாங்கியிருப்பீர்கள். எனக்கு வேண்டியது சின்ன விஷயங்கள். சாக்ஸ் போடச் சொல்லும் அதே மூச்சில், “மேடம், அந்த யானைப் படம் பக்கத்துல இன்னொரு கதவு இருக்கு” என்று கை காட்டச் சொல்லுங்கள். விமானத்தில் ஒவ்வொரு முறையும் காட்டுகிறார்களே, யாரும் பயந்து இறங்கிப் போய்விடவில்லை. முடிந்தால் பிறந்தநாள் விழாக்களின்போது ஒரு தடவை அந்தக் கதவு வழியாகவே பிள்ளைகளை வரிசையாக வெளியே அழைத்துப் போய்த் திரும்ப அழைத்து வாருங்கள், ரயில் விளையாட்டு என்று சொல்லி. ஒரு தடவை நடந்த வழியைப் பிள்ளைகள் மறக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் இரண்டு மணி நேரம் ஐந்து வயதுக்குக் கீழே மட்டும் என்று வையுங்கள். சின்னப் பிள்ளைகளின் அம்மாக்கள் எப்படியும் காலை ஆறு மணியிலிருந்து விழித்துக்கொண்டுதான் இருக்கிறோம். வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, இப்போது உள்ளே இத்தனை பிள்ளைகள், அதிகபட்சம் இத்தனை என்று எழுதுங்கள். நிறைந்துவிட்டால் “கொஞ்சம் வெயிட் பண்ணுங்க” என்று சொல்லுங்கள். ஹோட்டலில் இடம் இல்லை என்றால் காத்திருக்கிற நாங்கள் இதற்கும் காத்திருப்போம்.

அந்தப் பெண் நாள் முழுக்க நிற்கிறாள். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. தி.நகர் ஜவுளிக்கடைப் பெண்களைப் பார்த்துக் கொண்டுவந்தது என்று எல்லோரும் நினைக்கிறோம், உங்களுக்கும்தான் அது. கால் கடுத்துப் போனவளால் மூன்று அடுக்கையும் பார்த்துக்கொள்ள முடியாது. அவளுக்குத் துணையாக இன்னொருவரையும் போடுங்கள். டிக்கெட்டில் முப்பது ரூபாய் கூட்டிக்கொள்ளுங்கள், தருகிறேன். ஆனால் எதற்காகக் கூட்டினீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

சின்னவனுக்கு நாலாவது பிறந்தநாள் ஜனவரியில் வருகிறது. “அந்த யானை இருக்குற எடத்துலதாம்மா கேக் வெட்டணும்” என்று இப்போதே தொடங்கிவிட்டான். வருவோம் என்றுதான் நினைக்கிறேன். வந்தால், கேக் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் நான் அந்தப் படுதாவைத் தூக்கிப் பார்ப்பேன்.

நான்கு அடுக்கில் நாற்பது நாற்காலியாவது இருக்கும். ஒன்றை அந்தப் பெண்ணுக்குக் கொடுங்கள். ஒன்றைப் பந்துக் குளத்தின் ஓரத்தில், பேரன் தெரிகிற மாதிரி, அத்தைக்குப் போடுங்கள். மிச்சம் முப்பத்தெட்டை எங்கே வைப்பது என்பது உங்கள் பாடு.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அம்மா,
மேடவாக்கம்.

பி.கு.: பதினோரு ஜோடியையும் துவைத்துப் பையில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த முறை கொண்டு வருவேன். “இது எங்க சாக்ஸ் இல்ல மேடம்” என்று சொல்லிவிடாதீர்கள். அத்தையுடையது மட்டும் விரல் பக்கம் கொஞ்சம் கிழிந்திருக்கும்.